பொன்னி வாளைக் கீழே போட்டாள்: சென்னை டிஎம்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டிஎம் நண்பர்களுக்கு,

வணக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி, ப்ளேயர்கள் ஆளுக்கொரு கேரக்டராக டைஸ் உருட்டி ஆடும் கதை விளையாட்டில், கதையை நடத்தும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) நீங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, அட்டைத் தடுப்பை நிறுத்தி, அதன் பின்னால் உட்காரும் உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். வேளச்சேரி ஃப்ளாட்டிலோ பெரம்பூர் மாடியிலோ அடையாறு கஃபே ஒன்றிலோ, நாலைந்து பேருக்கு முன்னால் ஓர் உலகத்தையே தனி ஆளாகத் தாங்கிப் பிடிக்கிற வேலை அது. அதன் பாடு எனக்குத் தெரியும். ஆறு வருஷம் ப்ளேயராக ஆடிவிட்டு, மூன்று வருஷமாகச் சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் நானும் ஒரு டேபிள் நடத்தி வருகிறேன்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு ப்ளேயர் தன் கேரக்டரைச் சரணடைய வைத்தால், அந்தச் சரணைக் காப்பாற்றுங்கள்.

இதை நான் கேட்பதற்குக் காரணம் பொன்னி.

பொன்னி என் பாலாடின், அதாவது கோயிலைச் சேர்ந்த போர்வீராங்கனை. ஐந்தாம் லெவல். பதினாலு மாதம் அவளை ஆடியிருந்தேன். ஒரு மலைப்பாலத்தில் கொள்ளைக்கூட்டம் எங்களை மறித்தது. பதினோரு பேர். எங்கள் ரோக் (திருட்டு வித்தைக்காரன்) விழுந்துவிட்டான். பிழைப்பானா என்று உருட்டிப் பார்க்கும் டெத் சேவில் இரண்டு தோல்வி, மூன்றானால் சாவு. விஸார்டும் (மந்திரவாதி) கீழே. பொன்னிக்கு 44 ஹெச்பியில், அதாவது உயிர்ப் புள்ளியில், மிச்சம் 9. தொட்டுக் குணமாக்கும் சக்தியும் தீர்ந்துவிட்டது, மந்திரம் போட ஸ்பெல் ஸ்லாட்டும் இல்லை. என் டர்ன் வந்தபோது டைஸைக் கையில் எடுக்கவில்லை. "வாளைக் கீழ போட்டு முட்டி போடறேன். என்னைக் கட்டிக்கிட்டுப் போங்க, இந்த ரெண்டு பேர் உயிரை மட்டும் காப்பாத்துங்க" என்றேன். மேசையில் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. எதிரில் இருந்த அண்ணா தன் டீ டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கேம்பெயினில் பொன்னி செய்த மிகப் பெரிய காரியம் அதுதான்.

டிஎம் சொன்னார்: "கூட்டத் தலைவன் சிரிக்கிறான். உன் கையில ஆயுதம் இல்ல, அதனால அட்வான்டேஜ்." அட்வான்டேஜ் என்றால் இரண்டு டைஸ் உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்வது. ஆயுதம் இல்லாதவரை அடிக்க அது உண்டு என்று விதியில் எங்கும் இல்லை. முதல் இரண்டு அடியில் பொன்னி விழுந்தாள். மயங்கி விழுந்தவரைப் பக்கத்தில் நின்று அடித்தால் அது கிரிட்டிக்கல், அதாவது கூடுதல் பலமான அடி. ஓர் அடிக்கு இரண்டு டெத் சேவ் தோல்வி. இன்னும் இரண்டு அடி. முடிந்தது. "வில்லன் அப்படித்தான் பண்ணுவான். ரியலிஸ்டிக்கா இருக்கணும்ல" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அன்று அவருக்குத் தோன்றியது அவ்வளவுதான். கோட்டூர்புரத்தில் ரயில் ஏறி வீட்டுக்கு வரும்வரை கேரக்டர் ஷீட்டை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அந்த டேபிளில் அதன்பின் ஒருத்தரும் சரணடையவில்லை. ஓடவில்லை. பேசிப் பார்க்கவில்லை. எதிரே யார் நின்றாலும், எத்தனை பேர் நின்றாலும், கடைசி ஹெச்பி வரை அடித்தார்கள். நாலு மாதத்துக்குள் பார்ட்டி, அதாவது ப்ளேயர் கேரக்டர்களின் கூட்டம், மொத்தமும் ஒரு குகையில் செத்தது, கேம்பெயினும் அங்கேயே நின்றுபோனது. "இவங்க ஏன்தான் விட்டுக்கொடுக்கவே மாட்டேங்கறாங்களோ" என்று அதே டிஎம் பின்னால் வருத்தப்பட்டாராம். இந்தப் புலம்பலை உங்களில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நம்ம ப்ளேயர்ஸுக்கு வீம்பு, சினிமா பார்த்துக் கெட்டுப்போயிட்டாங்க, ஹீரோ மண்டி போடக் கூடாதுன்னு நினைக்கறாங்க என்பீர்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். சின்ன வயதில் தெருவில் ஆடியபோதே தோற்றவனைச் சுற்றி நின்று "தோத்தாங்கோளி" என்று கத்தி வளர்ந்தவர்கள் நாம். ஆனால் பெரும்பங்கு, நாம் ஒவ்வொரு செஷனிலும் அவர்களுக்குப் பழக்கிக்கொடுத்தது.

விதிகளே அப்படித்தான் பழக்குகின்றன. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2014-இன் ஐந்தாம் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 44 ஹெச்பியில் இருக்கும் பொன்னியும் 9 ஹெச்பியில் இருக்கும் பொன்னியும் ஒரே பலத்தோடு வாள் வீசுவார்கள். ரத்தம் ஒழுகுகிறது, கை நடுங்குகிறது என்பதெல்லாம் நாம் வாயால் சொல்வதுதான். எண்ணில் அது வராது. பூஜ்யத்தைத் தொடும்வரை யாருக்கும் பயப்படக் காரணம் இல்லை. பூஜ்யத்தைத் தொட்ட பிறகோ அவர்கள் மயங்கிக் கிடப்பார்கள், சரணடைய வாயே இருக்காது. அப்போதும் இருபது முக டைஸான டி20-ஐ உருட்டி மூன்று தடவை 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் பிழைத்துவிடலாம், 20 விழுந்தால் எழுந்தே நிற்கலாம். அதாவது சண்டையைத் தொடர்ந்தால் பிழைக்க வழி உண்டு என்று விதி எழுதிவைத்திருக்கிறது. சரணடைந்தால் என்ன ஆகும் என்று எழுதவில்லை. அது முழுக்க டிஎம் வாயில் இருக்கிறது. ப்ளேயர் எதை நம்புவார்?

டர்ன் முறை இன்னொரு சிக்கல். சரணடைவது பார்ட்டி மொத்தமும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. யார் முதலில் ஆடுவது என்று சொல்லும் இனிஷியேடிவ் வரிசையோ ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஆறு விநாடிக்குள் பிரித்து நிறுத்துகிறது. ஒருத்தி வாளைக் கீழே போடுவாள், அடுத்த டர்னில் சோர்சரர் ஃபயர்பால் விடுவார். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது, பேசிக்கொள்ள அவருக்கு நேரமே கொடுக்கப்படவில்லை.

பழைய விதிகளைப் படித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் இந்த விளையாட்டை வெளியிட்டபோது அது போர் விளையாட்டுகளின் வயிற்றிலிருந்து வந்தது. போர் விளையாட்டில் படை கலைந்து ஓடுவது சாதாரணம். டாம் மோல்ட்வே தொகுத்த 1981 பேசிக் பதிப்பில் ஒவ்வொரு அரக்கனுக்கும் 2 முதல் 12 வரை மொரேல் (மனவுறுதி) என்று ஓர் எண் உண்டு. கூட்டத்தில் முதல் ஆள் சாகும்போது ஒரு தடவையும், பாதிப் பேர் விழுந்ததும் இன்னொரு தடவையும் இரண்டு ஆறுமுக டைஸ் உருட்ட வேண்டும். அந்த எண்ணைத் தாண்டினால் அவர்கள் ஓடுவார்கள் அல்லது சரணடைவார்கள். ப்ளேயர் கேரக்டர்களுக்கு மட்டும் அந்த உருட்டல் கிடையாது. அவர்கள் தைரியத்தை டைஸ் முடிவு செய்யக் கூடாது, ஆடுகிறவரே முடிவு செய்யட்டும் என்று விட்டார்கள். எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: எதிரிகள் சரணடைவதை ப்ளேயர்கள் தினமும் பார்த்திருக்க வேண்டும். நம் டேபிள்களில் குட்டி அரக்கனான கோப்ளின்கூடக் கடைசி ஆள் வரை நின்று சாகிறது. தப்பித்தவறி ஒன்று கையைத் தூக்கினால், அடுத்த காட்சியில் அது ஒளித்துவைத்த கத்தியால் முதுகில் குத்துகிறது. இதை இரண்டு தடவை பார்த்த ப்ளேயர், மூன்றாவது கோப்ளின் கையைத் தூக்கும்போதே வெட்டிவிடுவார். பிறகு "உங்க பார்ட்டி கொடூரமா இருக்கே" என்று நாமே சொல்வோம்.

வேறு விளையாட்டுகளில் இதற்கு வழி எழுதிவைத்திருக்கிறார்கள். ஃபேட் கோர் விதிகளில், டைஸ் விழுவதற்கு முன் ஒரு ப்ளேயர் "இந்தச் சண்டையை விட்டுக்கொடுக்கறேன்" என்று சொல்லலாம். தோல்வி தோல்விதான், ஆனால் தன் கேரக்டர் எப்படிக் களத்தை விட்டுப் போகிறது என்று சொல்லும் உரிமை அவர் கையில் இருக்கும். அதோடு ஒரு ஃபேட் பாயின்டும் கிடைக்கும், அந்தச் சண்டையில் பட்ட ஒவ்வொரு காயத்துக்கும் மேலும் ஒன்று. தர்டீன்த் ஏஜ் விளையாட்டில் பார்ட்டி ஒருமனதாகத் தப்பிப்பது என்று முடிவெடுத்தால், விழுந்தவர்களையும் தூக்கிக்கொண்டு அவர்கள் தப்பிவிட்டார்கள் என்றே அர்த்தம். டைஸ் உருட்டத் தேவையில்லை. பதிலுக்குக் கதையில் பெரிதாக ஒன்றை இழப்பார்கள். நாம் எல்லோரும் விளையாட்டை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. டி20 உருட்டும் சத்தம் எனக்கும் பிடிக்கும். அந்த எண்ணத்தை மட்டும் நம் மேசைக்கு எடுத்துவரலாம்.

"ரியலிஸ்டிக்" என்ற வார்த்தைக்கு இப்போது வருகிறேன். நம் ஊரிலேயே பதில் இருக்கிறது.

1746 செப்டம்பரில் லா பூர்தொனேயின் பிரெஞ்சுக் கப்பல்கள் சென்னைக் கரைக்கு வந்து குண்டு போட்டன. சில நாளிலேயே ஆங்கிலேயரின் ஜார்ஜ் கோட்டை சரணடைந்தது. கோட்டைக்குள் இருந்தவர்களை லா பூர்தொனே வெட்டிச் சாய்க்கவில்லை. 11 லட்சம் வராகன் மீட்புப் பணம் கொடுத்தால் ஊரைத் திருப்பித் தருகிறேன் என்று கவர்னர் மோர்ஸுடன் பேசி முடித்தார். பிடிபட்டவர்கள் இனி ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். இந்த ஏற்பாட்டைப் பாண்டிச்சேரியில் இருந்த கவர்னர் டூப்ளே ஒத்துக்கொள்ளவில்லை. அக்டோபரில் புயல் அடித்துக் கப்பல்கள் சேதமாகி லா பூர்தொனே புறப்பட்டுப் போனதும், டூப்ளே அந்த உடன்படிக்கையைத் தூக்கி எறிந்தார். மோர்ஸையும் மற்றவர்களையும் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய்த் தெருவில் ஊர்வலம் விட்டார்கள். நீங்கள் வாக்கை மீறினீர்கள், எங்கள் வாக்கும் செல்லாது என்று சொல்லி, கிழக்கிந்தியக் கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்த ஓர் இளைஞன் உள்ளூர்க்காரன் போல் வேஷம் போட்டு இரவோடு இரவாகக் கடலூர் பக்கத்துத் தேவனாம்பட்டினத்துக்கு ஓடினான். அவன்தான் ராபர்ட் கிளைவ். அடுத்த வருஷம் அவன் பட்டாளத்தில் சேர்ந்தான். அதன் பிறகு நடந்தது நமக்கு நல்லதாக இல்லை, அது வேறு பேச்சு. கதை நடத்துகிறவராக மட்டும் இதைப் பாருங்கள். ஒரு சரணாகதி. அதிலிருந்து ஒரு பேரம், லா பூர்தொனேவுக்கும் டூப்ளேவுக்கும் நடுவே பகை, ஒரு புயல், ஒரு வாக்குமீறல், ஓர் ஊர்வலம், மாறுவேஷத்தில் ஒரு தப்பித்தல். டூப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை அந்த நாட்களையெல்லாம் தமிழில் நாட்குறிப்பாக எழுதியும் வைத்துவிட்டார். கோட்டையில் இருந்தவர்கள் அத்தனை பேரையும் அன்றே கொன்றிருந்தால் இதில் ஒன்றுகூட இல்லை. ரியலிஸ்டிக் என்றால் இதுதான் ரியலிஸ்டிக். கொள்ளைக்காரனுக்குப் பிணத்தால் காசு கிடையாது. உயிரோடு இருக்கும் பாலாடினுக்கு அவள் கோயில் பணம் கொடுக்கும்.

நாற்பத்தாறு வருஷம் கழித்து, 1792-இல், திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தோற்றுப் பாதி நாட்டையும் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயையும் கொடுக்கச் சம்மதித்தார். பணம் வந்துசேரும்வரை அவருடைய இரண்டு பிள்ளைகளைப் பணயமாக இதே சென்னைக்குத்தான் கொண்டுவந்தார்கள். 1794-இல் திருப்பி அனுப்பினார்கள். சின்னக் குழந்தைகள் அவர்கள். அந்த இரண்டு வருஷத்தை மட்டும் வைத்து ஒரு கேம்பெயின் நடத்தலாம் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

நம் இலக்கியத்திலும் இது உண்டு. சிறையில் கேட்ட தண்ணீர் தாமதமாக வந்ததால் அதைக் குடிக்காமல் உயிர்விட்டவன் சேரமான் கணைக்கால் இரும்பொறை என்று புறநானூற்று 74-ஆம் பாட்டின் குறிப்பு சொல்கிறது. மானம் என்றதும் நம் ப்ளேயர்களுக்கு அவன் நினைவுதான் வருகிறது. ஆனால் அந்தப் பாட்டே கைதியாக இருந்தவன் பாடியது. அவனை மீட்க அவன் நண்பர் பொய்கையார் களவழி நாற்பது பாடினார் என்று சொல்லும் மரபும் கூடவே இருக்கிறது. நண்பன் ஜெயிலில், வென்ற ராஜாவின் முன்னால் நின்று ஒரு புலவர் பாடி அவனைக் கேட்கிறார். எந்த பார்ட் (பாணர்) கேரக்டருக்கு இதைவிட நல்ல காட்சி கிடைத்துவிடும்? கையில் ஒன்றும் இல்லாமல் நின்ற ராவணனை "இன்று போய் நாளை வா" என்று ராமன் அனுப்பியதை இங்கே பாட்டி மடியில் கேட்காத குழந்தை உண்டா?

செஸ் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் டேபிளுக்கு வருபவர்களில் பாதிப் பேர் சின்ன வயதில் செஸ் கிளாஸ் போனவர்கள். இந்த ஊரில் ஏழு வயசுப் பிள்ளைக்குக்கூட ரிஸைன் பண்ணத் தெரியும். தோற்றாயிற்று என்று தெரிந்ததும் கடிகாரத்தை நிறுத்திவிட்டு எதிராளிக்குக் கை கொடுக்க வேண்டும். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் பதினாலாவது ஆட்டத்தில் டிங் லிரென் ரிஸைன் செய்தபோதுதான் நம் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். அதில் யாருக்கும் கேவலம் இல்லை. பிறகு ஏன் அதே பிள்ளைகள் வளர்ந்து என் மேசையில் உட்கார்ந்ததும் சரணடைய மறுக்கிறார்கள்? ஒரு தம்பியிடமே கேட்டேன். "அக்கா, செஸ்ல ரிஸைன் பண்ணா அடுத்த போர்டு இருக்கு. இங்க பண்ணா என் ஆள் காலி" என்றான். இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நாம் அவனுக்கு அடுத்த போர்டைக் காட்ட வேண்டும்.

இன்னொரு பயம் இருக்கிறது. அதைப் பெண்கள் மேசையில் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பெண் கேரக்டர் எதிரியிடம் பிடிபட்டால் அடுத்து என்ன வர்ணனை வரும் என்ற பயம். எனக்கு இருந்தது. எனக்குத் தெரிந்த இரண்டு தோழிகள் அந்தக் காரணத்துக்காகவே, "பிடிபடறதுக்கு என் ஆள் சாகட்டும்" என்று முடிவெடுத்திருக்கிறார்கள். சித்திரவதை, பாலியல் வன்முறை, அவமானப்படுத்துவது இவையெல்லாம் இந்த டேபிளில் வராது என்று, ஆட்டம் தொடங்கும் முன் கூடிப் பேசும் செஷன் ஜீரோவிலேயே வாயால் சொல்லிவிடுங்கள். நீங்கள் நல்லவர் என்று அவர்களுக்குத் தெரியும், எனவே சொல்லத் தேவையில்லை என்று நினைக்காதீர்கள். சொல்லுங்கள். சொன்ன பிறகுதான் சிறை என்பது கதைக்குள் நுழைய முடிகிற ஓர் இடமாகிறது.

என் டேபிளில் நான் செய்வதைச் சொல்கிறேன்.

எங்கள் கேம்பெயின் நடப்பதே 1746 சென்னையில். ஒருவர் துபாஷி, ஒருவர் சிந்தாதிரிப்பேட்டை நெசவாளி, ஒருவர் மசூலா படகுக்காரர், ஒருவர் கம்பெனி எழுத்தர். போன மழைக்காலத்தில் ஒரு செஷனில் அவர்கள் கடற்கரையோரம் இருட்டில் பிரெஞ்சு ரோந்தில் மாட்டிக்கொண்டார்கள். படகுக்காரருக்கு ஹெச்பி 2. ஜெயிக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்தது, ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்போது எதிரியின் வாயால் நானே கேட்டேன். சார்ஜன்ட் துப்பாக்கியைத் தாழ்த்தி, "ஆயுதத்தைக் கீழ வைங்க. உயிருக்கு நான் பொறுப்பு" என்றார். உடனே கேரக்டர்களை ஒதுக்கி வைத்துவிட்டு டிஎம்மாகப் பேசினேன்: "இது என் வாக்கு. சரணடைஞ்சா யாரும் சாக மாட்டாங்க. உங்க சாமான் போகும், ஆனா தொலையாது. எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கலாம். இன்னிக்கு செஷனுக்குள்ளயே அடுத்த காட்சி உங்களுக்கு இருக்கு. இனிஷியேடிவை நிறுத்திட்டேன். அஞ்சு நிமிஷம் பேசிக்கங்க."

அந்த அஞ்சு நிமிஷம் இருபது நிமிஷம் ஆனது. துபாஷியாக ஆடும் கல்லூரிப் பெண் மளிகைக்கடை ரசீது ஒன்றைத் திருப்பி அதன் பின்புறம் நிபந்தனைகளை எழுத ஆரம்பித்தாள். காயம்பட்டவருக்கு இன்றே வைத்தியம். நால்வரையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும். நெசவாளியின் விரல்களில் யாரும் கை வைக்கக் கூடாது, அது அவர் பிழைப்பு. துபாஷியின் நோட்டை யாரும் பிரித்துப் படிக்கக் கூடாது. எழுதி முடித்து, எழுந்து நின்று, ரசீதை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். கீழே அம்மா சுண்டல் தாளித்த வாசம் வந்துகொண்டிருந்தது, ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சார்ஜன்ட் முதல் மூன்றுக்கும் சம்மதித்தார். நோட்டு மட்டும் முடியாது என்றார். அவள் தன் சகாக்களைப் பார்த்தாள், தலையசைத்தார்கள். அவள் நோட்டைக் கொடுத்தாள்.

அவர்களைக் கோட்டைக்குள் ஒரு கிடங்கில் அடைத்தார்கள். அங்கே அடுக்கியிருந்த துணிமூட்டைகளைப் பார்த்த நெசவாளி, "முடிச்சைப் பாக்கறேன். இது எங்க ஊர்க் கட்டா?" என்று கேட்டார். நான் அதை யோசித்திருக்கவில்லை. ஆமாம் என்றேன். அவர் மூட்டைகளை எண்ண ஆரம்பித்தார். எத்தனை மூட்டை, யார் கொடுத்தது, எந்தக் கப்பலுக்கு என்று அந்த இருட்டுக் கிடங்கிலிருந்து கிடைத்த கணக்குதான் அடுத்த ஆறு செஷனையும் நடத்தியது. கடலோரத்தில் சண்டை போட்டு ஜெயித்திருந்தால் அவர்கள் அந்தக் கிடங்கைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

பிறகு வாக்கு மீறப்பட்டது. அதை நான் மறைக்க மாட்டேன். மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: நாலு பேரையும் பிரித்துப் பாண்டிச்சேரிக்கு அனுப்பு. ஆனால் மீறியது சார்ஜன்ட் இல்லை. வாக்குக் கொடுத்த ஆளே அதை உடைத்தால் ப்ளேயர் இனி யாரையும் நம்ப மாட்டார், முதலில் உங்களை நம்ப மாட்டார். வேறொருவன் உடைக்கட்டும், கொடுத்தவன் தலைகுனியட்டும். எங்கள் சார்ஜன்ட் அன்று ராத்திரி கிடங்குக்கு வந்து, ஒன்றும் பேசாமல், துபாஷியின் நோட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டாமல் போனார். நான் டிஎம்மாகக் கொடுத்த வாக்கு அப்போதும் அப்படியே இருந்தது: ஒருவர்கூடச் சாகவில்லை. இன்றைக்கு அந்தச் சார்ஜன்ட் எங்கள் டேபிளுக்கு மிகப் பிடித்த என்பிசி, அதாவது டிஎம் ஆடும் கேரக்டர்.

இதெல்லாம் பெரிய வித்தை இல்லை, நண்பர்களே. எதிரியை முதலில் கேட்கவிடுங்கள். அவனுக்கு என்ன வேண்டும் என்று யோசியுங்கள். பணமா, வழியா, ஒரு சேதியா? அது தெரிந்தால் கொல்ல வேண்டிய அவசியம் தானாகவே குறையும். பார்ட்டி பேசிக்கொள்ள இனிஷியேடிவை நிறுத்துங்கள். அவர்கள் பெட்டி படுக்கையைப் பிடுங்கினால் அது எங்கே போகிறது என்று குறித்துவையுங்கள். எட்டு மாதம் சேர்த்த மந்திரவாளை ஒரே வரியில் இல்லாமல் ஆக்கிவிட்டால் அடுத்த தடவை உயிரைக் கொடுத்தாவது அதைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள். கைக்கெட்டும் தூரத்தில் நின்று அடித்து 0-வுக்கு இறக்குபவர், கொல்லாமல் மயங்கவைக்கலாம் என்று ஐந்தாம் பதிப்பிலேயே இருக்கிறது. உங்கள் கொள்ளைக்காரர்களுக்கும் அந்த விதி பொருந்தும். பிடிபட்டவர்களை மூன்று வாரம் கட்டிப்போட்டு உட்கார வைக்காதீர்கள், பூட்டிய அறையிலும் அவர்களுக்குச் செய்ய ஏதாவது இருக்கட்டும். அவர்கள் பிடிக்கும் கோப்ளின் கையைத் தூக்கினால், அது நிஜமாகவே கையைத் தூக்கியதாக இருக்கட்டும்.

என்ன நடந்தாலும் நம் சரணை ஏற்காத எதிரிகளும் உண்டு. ஸோம்பி பேரம் பேசாது. அப்படியானால் அதை முன்கூட்டியே தெரியும்படி வையுங்கள், ஓடுவதற்கு ஒரு வழியையும் திறந்து வையுங்கள். ஒரு ப்ளேயர் வாளைக் கீழே போட்ட பிறகு, "இவங்க சரணை ஏத்துக்க மாட்டாங்க" என்று முதல் முறையாகச் சொல்வது அநியாயம்.

கடைசியாக, அந்தப் பாலத்தை நடத்திய டிஎம்முக்கு. இதை நீங்கள் படித்தால் உங்களுக்குத் தெரியும், உங்களைத்தான் சொல்கிறேன் என்று. உங்களிடம்தான் நான் கதை நடத்தக் கற்றேன். மழை பெய்யும் சத்தத்தை மேசையில் விரலால் தட்டிக் காட்டியது நீங்கள். இன்றும் நான் அப்படித்தான் செய்கிறேன். பொன்னியின் ஷீட்டை நான் கிழிக்கவில்லை. ஹெச்பி 9 என்று பென்சிலில் எழுதியிருப்பது அப்படியே இருக்கிறது. எந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானாலும் சைதாப்பேட்டைக்கு வாருங்கள், மூன்று மணிக்கு மேல். பழைய ஆட்கள் மூன்று பேரைக் கூப்பிட்டுவிட்டேன், வருகிறேன் என்றிருக்கிறார்கள். நீங்களே நடத்துங்கள். வாள் கீழே கிடக்கிறது, கூட்டத் தலைவன் எதிரில் நிற்கிறான், அடுத்தது அவன் டர்ன்.

அன்புடன்,
பொன்னியை ஆடியவள்
சைதாப்பேட்டை